பறந்து ஓய்ந்த பறவைகள்

“யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்” என்பது நம் முன்னோர் மொழி. ஆகாய விமானத்திற்கும் இம்மொழி பொருந்துமா என்று கேட்டால், வணிகர் உடனே பொருந்தும் என்பர். பறந்து ஓய்ந்த விமானத்தின் எஞ்சின்களைக் கழற்றி விற்கலாம். கருவிகளைத் தனித்தனியே விலை பேசலாம். எஞ்சிய உடலைத் துண்டு துண்டாக அறுத்து உருக்கினால் அலுமினியம் கிடைக்கும். நம் இல்லத்து அடுக்களையில் இருக்கும் சோற்றுப் பானையில், ஒரு காலத்தில் மேகங்களுக்கு மேலே சென்ற உலோகம் சிறிது கலந்திருந்தாலும் வியப்பதற்கில்லை.

விமானத்தின் ஆயுளை ஆண்டுக் கணக்கால் மட்டும் அளப்பதில்லை. எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதே பெரிய கணக்கு. உயரே செல்லும்போது உள்ளே இருப்போர் மூச்சுவிடும் பொருட்டு விமானத்தின் உடலில் காற்றழுத்தம் ஏற்றப்படுகிறது. அதனால் உடல் சிறிது புடைக்கிறது, இறங்கும்போது சுருங்குகிறது. ஒரு கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் அது களைத்து ஒடிவது போல, உலோகமும் களைக்கிறது. அக்களைப்பு எல்லை கடக்குமுன் விமானத்திற்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். ஓய்வு பெற்ற விமானங்களில் பெரும்பாலானவை உலைக்களத்திற்குச் செல்கின்றன. மிகச் சிலவே மக்கள் காண நிறுத்தி வைக்கப்படுகின்றன. அச்சிலவற்றைப் பற்றியே இக்கட்டுரை.

நம் தேனி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. பறக்க விரும்புவோர் மதுரைக்கோ கொச்சிக்கோ செல்ல வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டத்தில் நிற்கும் சிறுவனுக்கு, விமானம் என்பது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேலே நகரும் ஒரு வெள்ளிப் புள்ளி. அதன் பின்னே கேட்கும் ஒரு முழக்கம். “அதன் சக்கரம் எவ்வளவு பெரியது?” என்று அவன் கேட்டால் தாயும் தந்தையும் என்ன விடை சொல்வர்? புத்தகத்தில் படம் காட்டலாம். ஆனால் படத்தில் காணும் யானை வேறு, கோவில் வாசலில் நிற்கும் யானை வேறு என்பதைப் பிள்ளைகள் அறிவர். உண்மையான விமானம் ஒன்றைத் தரையில், தொடும் தொலைவில் நிறுத்தி வைப்பதன் முதற்பயன் இதுவே.

புனித சவேரியாரின் திருவுடலைத் தரிசிக்கக் கோவாவுக்குச் செல்லும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்கள் வாஸ்கோடகாமா நகரை அடுத்து, தபோலிம் விமான நிலையத்தின் அருகிலுள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்திற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். 1998-ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட அவ்விடத்தில், ‘சூப்பர் கான்ஸ்டலேஷன்’ என்னும் பழைய பயணிகள் விமானம் ஒன்று நிற்கிறது. டால்பின் மீன் போல வளைந்த உடல், மூன்று செங்குத்து வால்கள், நான்கு எஞ்சின்கள். ஒவ்வோர் எஞ்சினுக்கும் 18 சிலிண்டர்கள் என்றால், மொத்தம் 72. ஒரு சிலிண்டருக்கு இரண்டு தீப்பொறிச் செருகிகள் வீதம் 144 செருகிகளையும் பழுது பார்த்து வந்தவர்களின் பொறுமையை எண்ணிப் பாருங்கள்!

அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனம் கட்டிய இவ்வகை விமானங்களை, அந்நாளில் ‘ஏர் இந்தியா இன்டர்நேஷனல்’ எனப்பட்ட நம் நாட்டு நிறுவனம் 1954 முதல் பறக்கவிட்டது. அதற்கு முன்னரே, 1948 ஜூன் 8 அன்று, இதன் மூத்த உடன்பிறப்பான கான்ஸ்டலேஷன் வகையைச் சேர்ந்த ‘மலபார் பிரின்சஸ்’ பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனிவா வழியாக இலண்டனுக்குச் சென்று, அந்நிறுவனத்தின் முதல் வெளிநாட்டு விமானச் சேவையைத் தொடங்கி வைத்திருந்தது. 1960-இல் போயிங் 707 ஜெட் விமானங்கள் வந்தன. சூப்பர் கான்ஸ்டலேஷன்களின் பெருமை மங்கியது. அவற்றுள் சில விமானப்படைக்குச் சென்றன. அங்கிருந்து 1976-இல் கடற்படைக்கு வந்தன. ஒரு காலத்தில் பயணிகள் உணவருந்திய விமானத்தில், வீரர்கள் கடலைக் கண்காணித்தார்கள். 1980-களின் முற்பகுதியில் அவை முற்றிலும் ஓய்வு பெற்றன. அவற்றுள் ஒன்றே கோவாவில் இன்று நம் கண்முன் நிற்பது.

சூப்பர் கான்ஸ்டலேஷன்களைப் பறக்கவிட்ட கடற்படையின் 312-ஆம் பிரிவுக்கு 1988-இல் புதிய துணை கிடைத்தது. சோவியத் நாட்டிலிருந்து வந்த டுப்போலெவ் 142 என்னும் பேருருவ விமானங்கள் எட்டு. இவை பயணிகள் விமானங்களல்ல. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் விமானங்கள். சுமார் 53 மீட்டர் நீளம், சுமார் 50 மீட்டர் சிறகு விரிவு. முதலில் கோவாவில் இருந்த இவை, 1992-இல் நம் மாநிலத்தின் அரக்கோணத்தில் ‘ராஜாளி’ கடற்படை விமானத் தளம் அமைந்ததும் அங்கே குடியேறின. 29 ஆண்டுகள், ஏறத்தாழ 30,000 மணி நேரம், விபத்து ஒன்றுமின்றிப் பறந்தன என்பது கடற்படை பெருமையோடு கூறும் கணக்கு. 2017 மார்ச் 29 அன்று அரக்கோணத்தில் அவற்றிற்கு விடை கொடுக்கப்பட்டது. அவற்றின் பணியை இன்று செய்யும் பி-8ஐ விமானமோ, போயிங் 737 என்னும் பயணிகள் விமானத்தை அடிப்படையாகக் கொண்டு கட்டப்பட்டது.

அந்த எட்டில் ஒன்று உலைக்களத்திற்குச் செல்லாமல் 2017 ஏப்ரல் 8 அன்று விசாகப்பட்டினத்திற்குப் பறந்து சென்றது. அங்கே அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சாலை வழியே கடற்கரைக்குக் கொண்டுபோய், மீண்டும் பொருத்தி நிறுத்தினர். அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அதை அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார். சாலைக்கு மறுபுறம், 2002 முதல் காட்சிக்கு இருக்கும் ‘குர்சுரா’ நீர்மூழ்கிக் கப்பல். நீர்மூழ்கியும், நீர்மூழ்கியைத் தேடும் விமானமும் எதிரெதிரே ஓய்வெடுக்கும் காட்சி வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

நிறுத்தி வைத்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது. உண்மையில் வேலை அன்றுதான் தொடங்குகிறது. பறக்கும் விமானத்தை நாள்தோறும் பத்துப் பேர் தட்டிப் பார்ப்பர், எண்ணெய் இடுவர், துடைப்பர். நிற்கும் விமானத்தையோ வெயிலும் மழையும் உப்புக் காற்றுமே நாள்தோறும் தொடுகின்றன. அலுமினியம் இரும்பைப் போலச் செந்துருப் பிடிப்பதில்லை. ஆனால் திராட்சை இலையில் படரும் சாம்பல் நோயைப் போல அதன் மேல் வெண்பொடி பூக்கும். பின்பு தகடு தகடாய் உரியும். எஃகு ஆணியும் அலுமினியத் தகடும் சேரும் இடத்தில் உப்பு நீர் தங்கினால், மின்கலத்தில் நிகழ்வது போன்ற ஒரு வினை நிகழ்ந்து அலுமினியத்தை அரித்துவிடும். வெளியே வண்ணம் பளபளக்கும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்.

ஆகவே செய்ய வேண்டியவை பல. எரிபொருளையும் எண்ணெயையும் வடித்துவிட வேண்டும். மின்கலங்களை அகற்ற வேண்டும். குழாய்களில் அடைபட்டிருக்கும் அழுத்தத்தைப் போக்க வேண்டும். இருளில் ஒளிர்வதற்காகப் பழைய கருவி முகப்புகளில் ரேடியம் பூசும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அவற்றைச் சோதித்த பின்னரே குழந்தைகளை அருகில் விட வேண்டும். ரப்பர் சக்கரங்கள் வெயிலில் வெடித்துவிடும். எனவே விமானத்தின் பாரத்தை இரும்புத் தாங்கிகளின் மேல் ஏற்ற வேண்டும். குருவியும் புறாவும் கூடு கட்டாதபடி திறப்புகளுக்கு வலை இட வேண்டும். ஆனால் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடக்கூடாது. கடற்கரையில் இருப்பதை நன்னீரால் அடிக்கடி கழுவ வேண்டும். சிறகு என்பது காற்றில் எழுவதற்கென்றே செய்யப்பட்டது. புயல் வீசும்போது ஓய்வு பெற்ற விமானமும் எழ முயலும். 2014 அக்டோபரில் ‘ஹுட்ஹுட்’ புயலைக் கண்ட விசாகப்பட்டினத்தில், அதை இறுகக் கட்டி வைப்பதன் தேவையை யாரும் விளக்க வேண்டியதில்லை. இவை அனைத்தையும்விட நல்ல மருந்து, மேலே ஒரு கூரை.

இவற்றையெல்லாம் நான் நூல்களில் மட்டும் படித்து அறியவில்லை. கம்பத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் பெரியவர் ஒருவரே என் ஆசிரியர். பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்து, கோவாவில் சூப்பர் கான்ஸ்டலேஷனின் எஞ்சின்களோடு இளமையைக் கழித்தவர். பின்பு சோவியத் நாட்டுக்குச் சென்று பயிற்சி பெற்று, டுப்போலெவ் விமானங்களோடு அரக்கோணம் வரை வந்து ஓய்வு பெற்றவர். ஊர் திரும்பியபின் இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தலே அவருடைய உலகம். அந்த எஞ்சின்களின் பேரொலி அவருடைய காதுகளை மந்தமாக்கிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் கண்ணில் நீர் அழுத்த நோய் கண்டது. பார்வை முற்றிலும் குறையுமுன் தாம் பேணிய விமானத்தை ஒருமுறை காண வேண்டும் என்று அவர் விரும்பினார். 2019-இல் அவரும், பள்ளியில் படிக்கும் அவருடைய பேத்தியும், நானும் விசாகப்பட்டினத்திற்கு இரயிலேறினோம்.

விமானத்தினுள் நுழைந்ததும் அவர் ஒன்றும் பேசவில்லை. விமானியின் இருக்கைக்குப் பின்னே நின்று, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, கருவிப் பலகையை முகத்தருகே நோக்கினார். பிறகு அங்கிருந்த ரஷ்ய எழுத்துகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்துப் பொருள் சொல்லத் தொடங்கினார். பேத்தி திகைத்துவிட்டாள். “தாத்தா, உங்களுக்கு இந்தப் பாஷை தெரியுமா?” என்றாள். பிறந்த நாள் முதல் ஒரே வீட்டில் வாழ்ந்தும், தன் தாத்தாவைத் திராட்சை விவசாயி என்று மட்டுமே அவள் அறிந்திருந்தாள்!

வெளியே வந்தபோது, உல்லாசப் பயணம் வந்த மாணவர் கூட்டம் ஒன்று அவரைச் சூழ்ந்துகொண்டது. “எஞ்சின் நான்குதானே, விசிறி ஏன் எட்டு?” என்று ஒரு சிறுவன் ஆங்கிலத்தில் கேட்டான். பேத்தி அவர் காதருகே அதைத் திரும்பச் சொன்னாள். அவர் தம் இரு கைகளையும் ஒன்றன்முன் ஒன்றாக வைத்து எதிரெதிராகச் சுழற்றிக் காட்டினார். ஒவ்வோர் எஞ்சினும் ஏறத்தாழ 15,000 குதிரை ஆற்றல் உடையது. அவ்வளவு ஆற்றலையும் ஒரே விசிறி தாங்காது. முன் விசிறி காற்றைப் பின்னுக்குத் தள்ளும்போது திருகியும் விடுகிறது. எதிர்ப்புறம் சுழலும் பின் விசிறி அத்திருகலை நேராக்கி, வீணாகும் ஆற்றலை மீட்டுக்கொள்கிறது. இதை அவர் தமக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். மொழி புரியாத பிள்ளைகளுக்கும் கைகள் புரிந்தன. அன்று மாலை கடற்கரையில் அமர்ந்தபோது அவர் என்னிடம் சொன்னார்: “சாமி, விமானத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எங்கே நிறுத்தி வைப்பது?”

அன்பார்ந்த வாசகர்களே, அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே விடை இல்லை. ஆனால் பழம்பொருள்களைப் பேணுவோர் அனைவரும் எதிர்கொள்ளும் கேள்வி அதுவே என்று பின்னர் உணர்ந்தேன். எதைக் காப்பாற்றுகிறோம்? உலோகத்தையா, அதை இயக்கிய அறிவையா?

இதற்கு உலகம் இருவகையாக விடை கூறியிருக்கிறது. ஒரு சாரார், பழைய விமானத்தை மீண்டும் பறக்கவைப்பதே பேணுதல் என்பர். 1944-இல் கட்டப்பட்ட டக்கோட்டா விமானம் ஒன்று சிதைந்து கிடந்தது. அந்நாளில் நாடாளுமன்ற மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ராஜீவ் சந்திரசேகர் 2011-இல் அதை வாங்கினார். அவருடைய தந்தையார் விமானப்படையில் டக்கோட்டா விமானியாக இருந்தவர். பல ஆண்டுகள் செப்பனிட்டு, ‘பரசுராமா’ என்று பெயரிட்டு, அவர் அதை விமானப்படைக்கு அன்பளிப்பாக வழங்கினார். 1947 அக்டோபர் 27 அன்று இந்தியப் படைவீரர்களோடு ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டக்கோட்டாவின் எண்ணான வி.பி. 905 அதற்குச் சூட்டப்பட்டது. 2018 ஏப்ரல் 17 அன்று இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரிலிருந்து புறப்பட்டு, ஐரோப்பாவையும் அரபு நாடுகளையும் கடந்து, ஏப்ரல் 25 அன்று ஜாம்நகரில் இறங்கியது. 74 வயதுக் கிழப்பறவை தன் சொந்தச் சிறகால் கடல் தாண்டி வந்தது! மே 4 அன்று ஹிண்டன் தளத்தில் விமானப்படையில் சேர்க்கப்பட்டது.

ஆயினும் எல்லார்க்கும் இது கைகூடுவதில்லை. ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனம், சூப்பர் கான்ஸ்டலேஷன் குடும்பத்தின் கடைசித் தோன்றலான ஸ்டார்லைனர் விமானம் ஒன்றைப் பறக்கவைக்க விரும்பி 2007-இல் அதை வாங்கியது. பத்தாண்டு உழைப்புக்கும் பெரும்பொருட் செலவுக்கும் பின்னர், 2018-இல் அம்முயற்சியைக் கைவிட்டது. இனி அது காட்சிப் பொருளே என்று முடிவாயிற்று. பறக்க வேண்டுமானால் அரித்த பகுதிகளை நீக்கிப் புதியன பொருத்த வேண்டும். புதியன மிகுதியாகுந்தோறும், “இது பழைய விமானந்தானா?” என்ற ஐயமும் எழும். நிறுத்தி வைத்தாலோ பழைய ஆணியும் பழைய வண்ணமும் அப்படியே இருக்கும்; ஆனால் எஞ்சினின் குரல் போய்விடும்.

இவ்விரண்டில் எது சிறந்தது என்று தீர்ப்பளிப்பது என் நோக்கமன்று. பறக்கவைக்க முயன்றவர்களுக்குக் கிடைத்த ஒரு நன்மையை மட்டும் சுட்ட விரும்புகிறேன். ஓய்வு பெற்ற கம்மியர்களைத் தேடிச் சென்று கேட்காமல் அவ்வேலை ஒரு நாளும் நடவாது. அதனால் இளையோர் கைகளுக்குப் பழைய கைகளின் தொழில் வந்து சேர்கிறது. நிறுத்தி வைப்போரும் இந்நன்மையைப் பெற வழியுண்டு. குர்சுரா நீர்மூழ்கியில் வருவோர்க்கு வழிகாட்டி விளக்குவோர் ஓய்வு பெற்ற கடற்படையினரே. அங்கே குழாய்க்கும் பொறிக்கும் வாய் முளைத்திருக்கிறது.

நம் பள்ளத்தாக்கின் பக்கம் சற்றே பார்வையைத் திருப்புவோம். மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் குண்டலைப் பள்ளத்தாக்கு இரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவட ஊஞ்சலில் மலையிறங்கிக் கொட்டகுடியை அடைந்து, பின்பு போடிநாயக்கனூருக்குச் சென்றது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையைக் கொண்டுபோயிற்று. கம்பிவடப் பாதையின் சிதைவுகளே மலையில் எஞ்சின. 1928-இல் திறக்கப்பட்ட மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதையில் 2010-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு இரயில் நின்றது. பாதையைப் பெயர்த்து அகலப்படுத்தியபின் 2022-இல் தேனிக்கும், 2023-இல் போடிக்கும் இரயில் மீண்டும் வந்தது. அகலப் பாதை வந்தது நமக்குப் பெரு நன்மையே. அதை மறுப்பார் யார்? எனினும் அந்தச் சிறிய இரயிலின் ஓட்டுநரும், கடவுப் பாதைக் காவலரும், ஏலக்காய் மூட்டை ஏற்றியவரும் அறிந்தவை எங்கே எழுதி வைக்கப்பட்டுள்ளன?

நம் மக்களுக்கு நினைவுகூரத் தெரியாது என்று சொல்லமாட்டேன். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் பிறந்த நாளான சனவரி 15 அன்று பொங்கலிடும் ஊர்கள் நம்முடையவை. லோயர்கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமும் உண்டு. பேரணை கட்டியவரை மறவாத நாம், நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் கம்மியரையும் மறவாதிருந்தால் போதும்.

இதற்குக் கோடிக்கணக்கில் பொருள் வேண்டியதில்லை. விமானத்தை நிறுத்த நிலம் வேண்டும், கூரை வேண்டும், காவல் வேண்டும். மனிதன் அறிந்ததை நிறுத்தி வைக்க ஒரு நோட்டுப் புத்தகமும், கேட்பதற்கு ஒருவரும் போதும். உங்கள் இல்லத்தில் ஆலையிலோ, இரயிலிலோ, படையிலோ, தேயிலைத் தோட்டத்திலோ பணியாற்றி ஓய்ந்த பெரியவர் இருப்பின், வரும் விடுமுறையில் பிள்ளைகளை அவர் அருகில் அமரச் செய்யுங்கள். “உங்கள் வேலை எப்படி இருந்தது?” என்று பொதுவாகக் கேட்டால், “நன்றாக இருந்தது” என்று முடித்துவிடுவார். “காலையில் போனவுடன் முதலில் எதைத் தொடுவீர்கள்? எந்த ஓசை கேட்டால் பயப்படுவீர்கள்?” என்று கேட்கச் சொல்லுங்கள். அப்போது ஊற்றுக்கண் திறக்கும்.

விசாகப்பட்டினத்திலிருந்து திரும்பிய அடுத்த வாரமே அந்தப் பேத்தி 200 பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கினாள். தாத்தா சொல்லச் சொல்ல எழுதுகிறாள். அவருக்குக் காது கேளாதபோது கேள்வியைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள். இப்போது அவ்வெழுத்தும் அவருக்குத் தெரிவதில்லை. ஆகவே உள்ளங்கையில் விரலால் எழுதிக் கேட்கிறாள். சூப்பர் கான்ஸ்டலேஷனின் 144 தீப்பொறிச் செருகிகளை எந்த வரிசையில் கழற்றுவது என்பது முதல் புத்தகத்தில் இருக்கிறது. டுப்போலெவின் சக்கரம் மாற்றும் முறை இரண்டாவதில். மூன்றாவது புத்தகம் பாதி நிறைந்திருக்கிறது.